பர்மா சித்திக்கு ஒரு இலை

எங்கள் ஆத்தில் பெருமைப்பட்டுக்கொள்ள அதிகம் ஒன்றும் கிடையாது. ராஜாவின் கொட்டாரத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர் இல்லை, கச்சேரி பண்ணினவர் இல்லை, ஜெயிலுக்குப் போன தியாகிகூட ஒருத்தர் இல்லை. கணக்கு எழுதினவர்கள், அவர்களைக் கட்டிக்கொண்டு அரைத்தும் கரைத்தும் காலத்தை ஓட்டின பொம்மனாட்டிகள், அவ்வளவுதான் எங்கள் வம்சம். ஆனால் ஒரு பர்மா சித்தி உண்டு. திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருவில் வேறு யாராத்திலும் அப்படி ஒருத்தி கிடையாது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் மண்டைக்கனமே உண்டு.

கதை இதுதான். என் கொள்ளுத்தாத்தாவின் அப்பாவுக்கு ஒரு தம்பி. கம்பெனிப் பட்டாளத்தில் கணக்கு எழுதுகிற வேலை கிடைத்து, பர்மா சண்டைக்குக் கப்பலேறிப் போனார். போன இடத்தில் செத்துப்போனார் என்று சேதி வந்தது. உடம்பு கிடைக்காததால் தர்ப்பையில் உருவம் பண்ணிக் கொளுத்தி, அண்ணாக்காரர் எல்லாக் காரியத்தையும் முடித்தார். தம்பி பெண்டாட்டி சின்னப் பெண். தலையை மழித்து, வெள்ளைப் புடவையைக் கொடுத்து, அடுக்களையில் உட்கார்த்தி வைத்தார்கள். கம்பெனிக்காரன் பென்ஷன் தருகிறேன் என்று ஆள் அனுப்பினானாம். புருஷன் உசிருக்குக் கூலி வாங்க மாட்டேன் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாளாம். அதற்கப்புறம் சாகிற வரைக்கும் ஒரு வேளைச் சாப்பாடு, வாய் திறந்து ஒரு குறை சொன்னது கிடையாது. கொள்ளுத்தாத்தாவுக்கு அவள் சித்தி. பின்னால் பிறந்த நாங்களும் உறவு முறையை யோசிக்காமல் சித்தி என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

இந்தக் கதையை நான் எங்கெல்லாம் விற்றிருக்கிறேன் தெரியுமா? அரசாங்க ஆபீஸில் ரெக்கார்டு செக்ஷனில் காலம் பூராவும் இருந்தேன். மகளிர் தினம் வந்தால் என்னைத்தான் பேசச் சொல்வார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு மலையாளத்தில் பர்மா சித்தியை இறக்குவேன். பென்ஷன் வேண்டாம் என்று சொன்ன இடம் வந்ததும் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவேன். பின்வரிசையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

என் அண்ணா பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எங்களவர்கள் கல்யாணத்துக்கு முன்னால் சுமங்கலிப் பிரார்த்தனை பண்ணுவோம். புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த குடும்பத்துப் பெண்களை, ஒவ்வொருத்தராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மணையில் புதுப் புடவை வைத்து, இலை போட்டுப் பரிமாறி, கல்யாணப் பெண்ணை ஆசீர்வாதம் பண்ணு என்று வேண்டிக்கொள்வது. தெருவில் இருக்கிற சுமங்கலிகளையும் அழைத்து அந்த இலைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுவோம். அன்றைக்குக் கூடத்தில் விதவைக்கு இடம் கிடையாது. செத்துப்போன விதவையைக் கூப்பிட மாட்டார்கள், உசிரோடு இருக்கிறவள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். பர்மா சித்தியை இத்தனை கொண்டாடுகிற எங்கள் ஆத்தில், அவளுக்கு ஒரு தடவைகூட இலை போட்டதில்லை. அது தப்பு என்று யாருக்கும் தோன்றியதுமில்லை. எனக்கும்தான்.

நானும் விதவைதான். அவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் அண்ணா ஆத்து மாடியில் இருக்கிறேன். யாரும் என்னை ஒரு சொல் சொன்னது கிடையாது. கலர் புடவைதான் கட்டிக்கொள்கிறேன், ஸ்டிக்கர் பொட்டு வைத்துக்கொள்கிறேன், சினிமாவுக்குப் போகிறேன். இந்தக் காலத்தில் யார் அதெல்லாம் பார்க்கிறார்கள் என்று நானே நாலு பேருக்கு உபதேசம் பண்ணியிருக்கிறேன்.

"கூப்பிட வேண்டிய பேரெல்லாம் சரியாத் தெரியலை. நீதானே ரெக்கார்டு ஆளு, எடுத்துக் கொடேன்" என்றாள் மன்னி. அண்ணா பெண்டாட்டி. எதையும் சத்தமில்லாமல் செய்கிறவள்.

எனக்குக் கேட்கவா வேணும்! மச்சிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினேன். அப்பா தன் கைப்படக் கோடு போட்ட தாளில் குடும்பத்துத் திதிகளை எழுதி வைத்திருந்தார். யார், எந்த மாசம், எந்தப் பக்ஷம், எந்தத் திதியில் போனார் என்று. பழைய ஓலைக்கட்டிலிருந்து அவர் பார்த்து எழுதினது அது. அதை நான் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே வந்தேன். பர்மாவுக்குப் போன தம்பிக்கு ஐப்பசியில் ஒரு திதி இருந்தது. பத்து வரி தள்ளி மாசியில் இன்னொரு திதி. ஒரே ஆளுக்கு இரண்டு சாவு. அப்பா அசதியில் பேர் மாற்றி எழுதிவிட்டார் என்று முடிவு கட்டினேன். ரெக்கார்டு செக்ஷனில் நாங்கள் அன்றாடம் செய்கிற வேலைதானே, டூப்ளிகேட் என்ட்ரி என்று ஒரு தட்டு தட்டி மாசியை அழித்துவிட்டேன். அழித்துவிட்டு, அப்பாவும் சமயத்தில் தூங்கித்தான் வழிந்திருக்கிறார் என்று அண்ணாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

சிரித்தது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. வேறு ஒருத்தியின் திதியைச் சரிபார்க்கலாம் என்று ஓலைக்கட்டை அவிழ்த்தேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தபோது, மாசித் திதி அங்கேயும் இருந்தது. அப்பா தூங்கவில்லை. அவர் எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த வரியில் திதிக்கு முன்னால், இவன் தன் பார்யை போன மறுவருஷம் போனான் என்று ஒரு வார்த்தை இருந்தது. எழுதினவர் அந்த அண்ணாக்காரர்தான், கட்டு முழுக்க அவர் எழுத்துதான்.

நான் பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு அந்த வரியை மறுபடி படித்தேன். பார்யை, அதாவது பெண்டாட்டி, போன மறுவருஷம் என்றால், அவள் சாகிறபோது அவர் இருந்திருக்கிறார். பர்மாவில் செத்தவர் எப்படி இருக்க முடியும்?

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். நிலப் பத்திரம், வரி ரசீது, யாரோ ஒருத்தரின் ஜாதகம் என்று கொட்டிய குப்பையில், நாலாக மடித்த முத்திரைக் காகிதம் ஒன்று இருந்தது. பழைய மலையாளத்தில் எழுதின விடுதலைப் பத்திரம். அந்த மாதிரிக் காகிதங்களோடுதான் என் சர்வீஸ் முழுக்கக் கழிந்தது. அதனால் படிக்கக் கஷ்டமாக இல்லை. படித்து முடித்தபோதுதான் கஷ்டமாக இருந்தது.

எழுதிக் கொடுத்தவர் தம்பி. பர்மாவில் செத்ததாகக் கருதித் தனக்குக் கர்மம் முடிந்துவிட்டது, அதற்கப்புறம் தான் திரும்பி வந்தபடியால், இனிமேல் அந்த ஆத்துக்குள் வருவதில்லை, பாத்தியதை கேட்பதில்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஆற்றங்கரைச் சத்திரத்தில் ஒரு அறையில் இருந்துகொள்வார். பார்யை எப்போதும் போல அண்ணா ஆத்திலேயே இருப்பாள், அவளுக்குச் சோறும் துணியும் அண்ணா பொறுப்பு. இவ்வளவையும்கூட நான் தாங்கியிருப்பேன். கடைசியில் ஒரு ஷரத்து இருந்தது. அவள் மேல் படித்துறையில் மட்டும் குளிக்க வேண்டும், கீழ்ப் படித்துறைக்குப் போகக் கூடாது. அவர் கீழ்ப் படித்துறைக்கு மட்டும் போக வேண்டும், மேலே வரக் கூடாது.

அண்ணாக்காரர் கையெழுத்து இருக்கிறது, தம்பி கையெழுத்து இருக்கிறது, சாட்சிக்குத் தெருக்காரர்கள் கையெழுத்தும் இருக்கிறது. அவள் கை நாட்டுகூட இல்லை. அவளை யார் கேட்டா!

அந்த ஷரத்தைப் படித்ததும்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவளுக்குத் தெரியாது என்றால் அவரை மட்டும் தடுத்தால் போதுமே, அவளையும் கட்டிப்போட்டு எழுத வேண்டிய அவசியமே இல்லையே. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. புருஷன் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தே, மழித்த தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இவர்களுக்கு அடை வார்த்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மாசா மாசம் நாவிதனைக் கூப்பிட்டு அவள் தலையை மறுபடி மறுபடி மழித்திருக்கிறார்கள். எல்லாரும் தெரிந்தே. நான் அந்த அண்ணாக்காரரின் வம்சம். சித்தியின் வம்சம் இல்லை, அவளுக்கு ஏது குழந்தை? அவளை அப்படி உட்கார்த்தி வைத்தவரின் வம்சம்.

எங்கள் ஆத்துப் பெண்கள் கீழ்ப் படித்துறைக்குப் போகக் கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. அங்கே சுழி இருக்கிறது, இழுத்துவிடும் என்று அம்மா சொல்வாள். மறுநாள் காலையில் நான் அங்கே போனேன். இப்போது யார் ஆற்றில் குளிக்கிறார்கள்? படிகள் உடைந்து கிடந்தன, ஆகாயத்தாமரை அடைத்திருந்தது, ஒரு ஆள் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். அங்கே சுழி உண்டா என்று கேட்டேன். "சுழியோ? இவிடெயோ?" என்று சிரித்தார். அங்கே முட்டளவுதான் தண்ணீர், பிள்ளைகள் மீன் பிடிக்கிற இடம். மேல் படித்துறை அங்கிருந்து நன்றாகத் தெரிகிறது. நடுவில் ஒரு வளைவுகூட இல்லை. நிற்கிற ஆளின் முகம் தெரியும். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. யாரோ என்னைப் பார்த்து, நீ எந்த ஆத்துப் பெண் என்று கேட்டுவிடுவார்களோ என்று இருந்தது.

பென்ஷன் சமாச்சாரமும் அப்போதுதான் உறைத்தது. அவள் பென்ஷனை வேண்டாம் என்று எங்கே சொன்னாள்? புருஷன் கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போது எந்தக் கம்பெனிக்காரன் விதவைப் பென்ஷன் கொடுப்பான்? அண்டை அயலில் யாரோ ஏன் பென்ஷன் வரவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டவர் வாயை அடைக்க எங்களவர்கள் ஒரு கதை கட்டினார்கள். அந்தக் கதையைத்தான் நான் மைக்கில் குரல் தாழ்த்திச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். தூ!

எங்கள் ஆத்து வைதீகக் காரியமெல்லாம் பண்ணி வைக்கிற வாத்தியாருக்குப் போன் பண்ணினேன். சின்ன வயசுக்காரர், ஸ்கூட்டரில் பறக்கிறவர், ஆனால் படித்தவர். செத்தவர் என்று காரியம் பண்ணின ஆள் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். யாரைப் பற்றி என்று சொல்லவில்லை.

"அதுக்கு வழி இருக்கே மாமி. மறுபடி பொறந்த மாதிரி, ஜாதகர்மத்துலேர்ந்து பூணல் வரைக்கும் எல்லாம் புதுசாப் பண்ணணும். அப்பறம் அதே பார்யையையே திரும்பக் கல்யாணம் பண்ணிக்கலாம்."

"கடல் தாண்டிப் போயிருந்தா?"

"அதுக்குப் பிராயச்சித்தம் இருக்கு. ஏன் மாமி, யாராவது வந்துருக்காளா?"

யாரும் வரவில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். வழி இருந்திருக்கிறது. அண்ணாக்காரருக்கு அது தெரியாமலா இருக்கும்? அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு சாஸ்திரிகள். பின் ஏன் செய்யவில்லை? சொத்துக்கு ஆசைப்பட்டு என்று முதலில் நினைத்தேன். அதுவும் இருக்கலாம். ஆனால் எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. அவரை உள்ளே விட்டால், ஒரு வாய்ச் சேதியை நம்பி ஒரு சின்னப் பெண்ணின் தலையை அவசர அவசரமாக மழித்தது தப்பு என்று தெரு முழுக்க ஒத்துக்கொள்ள வேண்டும். மொட்டைத் தலையோடு அவளை மணையில் உட்கார்த்தித் தாலி கட்ட வைக்க வேண்டும், ஊர் வேடிக்கை பார்க்கும். அந்த வெட்கத்தைப் பட முடியாமல்தான் படித்துறையைப் பிரித்தார்கள். அந்தத் தம்பியையும் நான் விடப்போவதில்லை. பீரங்கியைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அண்ணாவைப் பார்த்ததும் கை தானாகப் பேனாவைப் பிடித்ததாக்கும்! பெண்டாட்டி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கண் காணாத இடத்துக்குப் போயிருக்கலாமே, கடங்காரன்.

ஆத்திரம் அடங்கினபோது ஒன்றே ஒன்றுதான் மனசில் நின்றது. அவள் போனபோது அவள் புருஷன் உசிரோடு இருந்தார். அவள் சுமங்கலி. இத்தனை தலைமுறையாக இந்த ஆத்தில் எத்தனை கல்யாணம், எத்தனை பிரார்த்தனை! ஒவ்வொன்றிலும் அவளுக்கு வர வேண்டிய இலை வராமல் போயிருக்கிறது. இந்தக் கல்யாணத்தில் அதைப் போட வைக்காமல் நான் ஓயப்போவதில்லை என்று தீர்மானம் பண்ணினேன்.

அண்ணாவிடம் பத்திரத்தை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் சுண்டிப் போயிற்று.

"இதை ஏன் இப்போ எடுத்தே?"

"சித்திக்கு இலை போடணும் அண்ணா."

"நோக்கென்ன பைத்தியமா? கல்யாண ஆத்துல போய் இதைக் கிளறிண்டு. சம்பந்தியாத்துல காதுல விழுந்தா என்ன நினைப்பா? பொண்டாட்டியைப் பூட்டி வெச்ச குடும்பம்னு சொல்ல மாட்டாளா?"

"வெச்ச குடும்பம்தானே."

"காரியம் பண்ணியாச்சுன்னா சாஸ்திரப்படி போனவர் போனவர்தான். அவ விதவைதான். விதவைக்கு இலை போடற வழக்கம் லோகத்துல எங்கேயும் கிடையாது."

"போனவருக்கு அப்பறம் ஏன் இன்னொரு திதி எழுதினார், அந்தப் பெரிய மனுஷர்? அவ போனப்போ அவர் மூச்சு விட்டுண்டு இருந்தாரா இல்லையா? அதைச் சொல்லு, போறும்."

அண்ணா எழுந்து வாசலுக்குப் போனார். அவருக்கு வெட்கம். அதை அவர் கோபமாகக் காட்டினார். எங்கள் ஆத்து ஆண்களுக்கு வெட்கம் அப்படித்தான் வெளியே வரும். மறுநாளும் அதற்கு மறுநாளும் நான் விடவில்லை. சாப்பிடும்போது ஆரம்பிப்பேன், பத்திரிகைக்கு முகவரி எழுதும்போது ஆரம்பிப்பேன். கல்யாணப் பெண், பெங்களூரில் வேலை பார்க்கிறவள், லீவில் வந்திருந்தாள். "அத்தே, ப்ளீஸ், அச்சனை ஒண்ணு வெறுதே விடு" என்று, அப்பாவைச் சும்மா விடச் சொல்லி, மலையாளமும் தமிழுமாகக் கெஞ்சினாள். வாத்தியாரை நேரில் வரவழைத்து ஓலையைக் காட்டினேன். பாவம், அவர் அண்ணா முகத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ரெண்டு பக்ஷமும் சொல்லலாம் மாமி என்று காப்பியைக் குடித்துவிட்டு நழுவினார்.

கடைசியில் தீர்ப்புச் சொன்னது மன்னிதான். கூட்டிப் பெருக்கிக்கொண்டே சொன்னாள்.

"அவ சுமங்கலியாப் போயிருந்து, நாம இலை போடாம விட்டா, அவ மனசு என்ன பாடுபடும்? அவ வயித்தெரிச்சலை வாங்கிண்டு என் பொண்ணுக்குத் தாலி ஏற நேக்குப் பயமா இருக்கு. நான் போடறேன்."

அண்ணா பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். மன்னி பயத்தில் சொன்னாளோ பரிவில் சொன்னாளோ, எனக்கு அதைப் பற்றி என்ன? கெலித்துவிட்டேன் என்று துள்ளினேன்.

புடவை எடுக்கச் சாலைக் கடைத்தெருவுக்கு மன்னியோடு நானும் போனேன். மன்னி எடுத்துக் காட்டின எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. மஞ்சள் வேண்டாம், பச்சை வேண்டாம், நல்ல அரக்குதான் வேணும், ஒன்பது கஜம், அகலக் கரை. ஆயுசு பூரா வெள்ளையைச் சுற்றிக்கொண்டிருந்தவள், இப்போதாவது கண்ணைப் பறிக்கிற மாதிரி கட்டிக்கொள்ளட்டும். ஆர்க்கா சேச்சி என்று கடைப் பெண் கேட்டாள். "எங்க சித்திக்கு" என்றேன். சொல்லும்போது நான் ரொம்ப நல்லவள் என்று தோன்றியது. அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

பிரார்த்தனை அன்றைக்கு விடிவதற்கு முன்பே எழுந்து குளித்துவிட்டு, நானும் மன்னியும் அடுக்களையில் இறங்கினோம். வடைக்கு அரைத்தேன், போளிக்குப் பூரணம் கிளறினேன், பாயசத்தை இறக்கி வைத்தேன். கூடத்தில் கோலம் போட்டு, மணையில் அரக்குப் புடவையை மடித்து வைத்து, மேலே மல்லிகைச் சரமும் மஞ்சளும் வைத்தாகிவிட்டது. எட்டிப் பார்த்தேன். அத்தனை அழகாக இருந்தது. எண்ணெய்ஸ்நானம் பண்ணி மடிசார் கட்டிக்கொண்டு சுமங்கலிகள் வந்துகொண்டிருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

வாசலில் முதல் கொலுசுச் சத்தம் கேட்டதுதான் தாமதம், நான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கத்துச் சாமான் அறைக்குள் போய்விட்டேன். கால் தானாகப் போயிற்று. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் பேசுவதெல்லாம் கேட்டது.

மன்னி ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கூப்பிட்டாள். அம்மாவைக் கூப்பிட்டாள். அப்பாவுக்கு முன்னால் போனவள் அவள். மேலே மேலே போய், கடைசியில் கொஞ்சம் தயங்கினாள். சித்தியின் பேர் எந்த ஓலையிலும் இல்லை. பத்திரத்தில்கூட மேற்படியான் பார்யை என்றுதான் இருக்கிறது.

"பர்மா சித்தி, நீங்களும் வந்து உட்காருங்கோ. இத்தனை நாள் கூப்பிடாததை மனசுல வெச்சுக்காதேங்கோ. திருப்தியாச் சாப்பிடுங்கோ" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. வந்த அழுகை பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் அப்போதுதான், அந்த அரிசி மூட்டைப் பக்கத்தில், ஒரு கணக்கு எனக்கு உறைத்தது. அவள் புருஷன் அவளுக்கு அடுத்த வருஷம் செத்தார். முந்தின வருஷம் செத்திருந்தால்? அதே மொட்டை, அதே வெள்ளை, அதே படித்துறை, அதே அநியாயம். எதுவும் மாறியிருக்காது. ஆனால் நான் பத்திரத்தை மடித்து உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டியிருப்பேன். பாவம், என்ன செய்வது, விதவைதானே, இலை கிடையாது என்று சும்மா இருந்திருப்பேன். அண்ணாவோடு அத்தனை நாள் மல்லுக்கட்டினேனே, ஒரு தடவையாவது அவள் பட்ட பாட்டுக்காக இலை போடு என்று கேட்டேனா? அவர் மூச்சு விட்டுண்டு இருந்தாரா என்றுதானே கேட்டேன்! அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்த மரியாதை முழுக்க அந்தக் கையாலாகாத மனுஷனின் மூச்சைக் காட்டி வாங்கினது. அந்த அண்ணாக்காரருக்கும் எனக்கும் இதில் என்ன வித்தியாசம் என்று தேடிப் பார்த்தேன். வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது.

அப்போது கல்யாணப் பெண் கதவுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். தலையில் பூ, நெற்றியில் குங்குமம்.

"அத்தே, இங்கேயோ உட்கார்ந்திருக்கே? அம்மா கூப்பிடறா. சித்தி இலைக்கு நீதான் பாயசம் பரிமாறணுமாம். நீயில்லேன்னா அவளுக்கு இலையே வந்திருக்காதுன்னு எல்லார்கிட்டேயும் சொல்லிண்டிருக்கா."

கூடத்தில் பேச்சு நின்றிருந்தது. எல்லாரும் நான் வருகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் போல. மன்னி கரண்டியும் கையுமாக நடையில் நிற்பது தெரிந்தது. யாராவது ஒரு சொல் முணுமுணுத்திருந்தால், எழுந்து போய்ச் சண்டை போட்டுப் பரிமாறியிருப்பேன் என்று நினைக்கிறேன். யாரும் முணுமுணுக்கவில்லை.

"எனக்கு அங்கே என்னடி வேலை" என்றேன். "சுபமா நடக்கட்டும். சுமங்கலிகளாப் பார்த்துப் பரிமாறச் சொல்லு."

"அத்தே..."

"போடின்னா!"

அவள் போனாள். மன்னி இன்னும் நடையிலேயே நின்றாள். நான் எழுந்து கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.